பிளாங்கின் மாறிலிப் பெட்டி: வாங்கலாம், செய்முறைத் தாளை மட்டும் மாற்றுங்கள்

பிளாங்கின் மாறிலியை, அதாவது ஒளியின் மீடிறனை அதன் சக்தியோடு இணைக்கும் எண்ணை, எல்.ஈ.டி.களைக் கொண்டு அளக்க உயர்தரப் பௌதிகவியல் மாணவருக்கென விற்கப்படும் சிறிய பெட்டி இது. சிவப்பு (630 நானோமீற்றர்), மஞ்சள் (590), பச்சை (525), நீலம் (470) என நாலு எல்.ஈ.டி., 1 கிலோ ஓம் மாறுந்தடை, 330 ஓம் தடையி, 9 வோல்ற் பற்றரிப் பிடி, ஒரு கறுப்புக் குழாய். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ஆய்வுகூடங்களுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் கூட வரும் செய்முறைத் தாள் சரியில்லை.

எல்.ஈ.டி. முதன்முதலில் ஒளிரும் வோல்ற்றளவைக் கண்ணால் பார்த்துக் குறிக்கச் சொல்கிறது தாள். கண் எல்லா நிறத்தையும் ஒரேமாதிரிப் பிடிப்பதில்லை. அதோடு, வெப்பத்தால் சக்தி பெற்ற இலத்திரன்கள் சில குறைந்த அழுத்தத்திலேயே எல்.ஈ.டி.க்குள் இருக்கும் குறைகடத்திச் சந்தியைத் தாண்டிவிடும். கூர்மையான தொடக்கப் புள்ளி என்று ஒன்றும் கிடையாது. சிவப்பு 1.6 வோல்ற்றில் மினுங்கினால் மாறிலி 5.4×10⁻³⁴ என்று வரும். சரியான பெறுமானம் 6.63×10⁻³⁴ யூல் செக்கன். எல்லா நிறத்துக்கும் ஒரே மின்னோட்டத்தை, 0.1 மில்லி அம்பியர் அளவில், வைத்து வோல்ற்றளவை மீடிறனுக்கு எதிரே வரைந்து, சாய்வை எடுத்து இலத்திரனின் ஏற்றத்தால் பெருக்கி மாறிலியைக் காண்பது மேல்.

இந்தப் பெட்டியின் உண்மையான பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. ஒரு எல்.ஈ.டி.யைப் பற்றரி இல்லாமல் மல்ரிமீற்றரில் மட்டும் பொருத்தி, குழாய்க்குள் இன்னொன்றை அதன் முகத்துக்கு நேரே எரியவிடுங்கள். நீலத்தைச் சிவப்பின்மேல் அடித்தால் வோல்ற்றளவு எழும். சிவப்பை நீலத்தின்மேல் எவ்வளவு பிரகாசமாக அடித்தாலும் மீற்றர் அசையாது. சிவப்புப் போட்டன் (ஒளியின் சக்திப் பொட்டலம்) ஒன்றின் சக்தி, 1240 ஐ நானோமீற்றர் அலைநீளத்தால் வகுக்க, 1240/630, அதாவது 1.97 இலத்திரன் வோல்ற். நீலக் குறைகடத்தியில் இலத்திரனை வலுவளவுப் பட்டையிலிருந்து கடத்தற் பட்டைக்குத் தூக்க ஏறத்தாழ 2.6 வேண்டும். போட்டன்களின் எண்ணிக்கை அந்தக் குறையை நிரப்பாது. 1905 இல் ஐன்ஸ்டைன் ஒளிமின் விளைவுக்குச் சொன்ன விளக்கம் மேசைமேலேயே தெரிகிறது. வெற்றிடக் குழாய் தேவையில்லை.

வாசிப்பு வராவிட்டால் முதலில் மீற்றரைப் பாருங்கள். மலிவானவற்றில் உள்ளீட்டுத் தடை 1 மெகா ஓம்தான். எல்.ஈ.டி. தரும் நானோ அம்பியர் கணக்கான மின்னோட்டத்தில் அது வோல்ற்றளவை இழுத்து வீழ்த்திவிடும். 10 மெகா ஓம் மீற்றர் தேவை. அடுத்தது சாயம். பெட்டியில் வருபவை சாயமூட்டிய எல்.ஈ.டி.கள். சிவப்புச் சாயப் பிளாஸ்ரிக் நீல ஒளியை உள்ளே இருக்கும் குறைகடத்திச் சில்லுக்குப் போகுமுன்பே தின்றுவிடுகிறது. ரீவி திருத்தும் கடைகளில் தெளிந்த முகப்புள்ளதைக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். வெள்ளை எல்.ஈ.டி. உதவாது, அது பொஸ்பர் (நிறத்தை மாற்றி ஒளிரும் பொருள்) பூசிய நீலச் சில்லு.

சுவிச் வைக்காதது பெரிய குறை. மாறுந்தடை மட்டுமே 9 மில்லி அம்பியர் இழுப்பதால், கழற்ற மறந்தால் இரண்டு மூன்று நாளில் பற்றரி தீர்ந்துவிடும்.

நம் வெயிலில் யன்னலோர மேசை ஆகாது. ஒளிக்கசிவைச் சோதிக்க ரிமோட்டில் இருக்கும் 940 நானோமீற்றர் எல்.ஈ.டி.யை எரியவிடுங்கள். 1.32 இலத்திரன் வோல்ற் நாலில் எதற்கும் போதாது; அப்போதும் மீற்றர் ஏதாவது காட்டினால் குழாயின் வாயைக் கறுப்பு ரேப்பால் அடையுங்கள்.