எங்கள் ஹை ஸ்ட்ரீட்டின் கிறிஸ்துமஸ் விளக்குகள்: ஒரு சீரியல் செட்காரரின் மருமகன் போடும் மதிப்பெண்

லண்டனின் தெற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஹை ஸ்ட்ரீட்டில், அதாவது ஊரின் முக்கியக் கடைத்தெருவில், இந்த வருடம் கிறிஸ்துமஸ் விளக்கு போட்டு மூன்று வாரம் ஆகிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அடுத்த வருடமும் இங்கேதான் குடியிருக்க வேண்டும். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கிறேன். அந்த இரண்டில் ஒன்றரை, கடைக்காரர்கள் தங்கள் சொந்தக் காசில் மாட்டியதற்கு.

விளக்கைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் தாய்மாமா பாளையங்கோட்டையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், சர்ச் அசன விருந்து எதுவானாலும் சீரியல் செட் என்னும் விளக்குச் சரம் அவருடையதுதான். பள்ளிக்கூட லீவு முழுக்க நான் அவர் வீட்டுத் திண்ணையில் பல்பு சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 6 வோல்ட் பல்பு 40-ஐ வரிசையாகக் கோத்தால் 240 வோல்ட்டுக்குச் சரியாக வரும். ஒன்று போனால் வரிசையே போகும். ஆள் அவசரத்தில் இருந்தால் போன பல்பின் இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டிச் செருகிவிடுவார். மற்ற 39-ம் கொஞ்சம் கூடுதலாக எரியும். இன்று யாராவது அப்படிச் செய்தால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் சாமி புறப்படும் நேரத்தில் அவர் செட்டில் ஒரு வரிசைகூட இருட்டாக இருந்ததில்லை.

இங்கே நிலைமையைப் பாருங்கள். ரயில்வே ஸ்டேஷனில் தொடங்கி சர்ச் வரைக்கும் 24 விளக்குக் கம்பங்களில் அலங்காரம் மாட்டியிருக்கிறார்கள். எண்ணியது என் மகள். ஏழு வயது, கணக்கில் தப்பு வராது. முழுதாக எரிவது 17. பனிச்செதில் வடிவம் ஒன்றில் இடது பாதி இல்லை. பேக்கரிக்கு எதிரே ஒரு மெழுகுவர்த்தி இருக்கிறது, அதில் தண்டு மட்டும் எரிகிறது, சுடர் எரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் வைத்த பெரிய வாழ்த்துப் பலகையில் ஆங்கில ‘மெரி’யின் முதல் எழுத்தான M அணைந்துபோய், ‘எர்ரி கிறிஸ்துமஸ்’ என்று நிற்கிறது. தமிழில் வாசித்தால் எரி என்று கட்டளை போடுவதுபோல இருக்கிறது. நானும் மகளும் தினமும் அதன் முன்னால் நின்று சிரித்துவிட்டுத்தான் போகிறோம். அந்த வகையில் அதற்கு ஒரு கால் மதிப்பெண் கூடக் கொடுக்கலாம்.

பல்பு போனதுகூடப் பெரிய குறை இல்லை. மழைக்குள் இருக்கும் சாமான், தண்ணீர் ஏதோ ஒரு ஜாயின்ட்டில் இறங்கத்தான் செய்யும். என் சண்டை நிறத்தோடுதான். மொத்தமும் நீலம் பாரித்த வெள்ளை. எல்.இ.டி. வாங்கும்போது பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் கலந்த வெளிச்சம். 6000 என்றால் நம் ஊர் அரசு அலுவலக டியூப்லைட். எங்கள் தெருவில் இரண்டாவது ரகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். டிசம்பர் மாதம், பிசுபிசு மழை, ஈரமான தார் ரோடு, எல்லார் உடம்பிலும் கறுப்புக் கோட்டு. அதன்மேல் இந்த வெளிச்சம் விழுந்தால் எல்லார் முகமும் ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் முகம்போல ஆகிவிடுகிறது. என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள்: “குளிருக்கு இன்னும் கொஞ்சம் குளிர் போட்டிருக்காங்க.”

அப்புறம் துடிப்பு. எல்லாருக்கும் இது தெரியாது, தெரிந்துவிட்டால் பிறகு விடாது. அந்த மெழுகுவர்த்தி விளக்கைப் பார்த்துக்கொண்டே தலையைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால், ஒளி ஒரே கோடாக இழுபடாமல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. விளக்கின் முன்னால் கையை விரித்து வேகமாக ஆட்டினால் விரல்கள் பத்துப் பன்னிரண்டாகத் தெரியும். மலிவான செட்டுகளில் மின்சாரத்தின் பாதி அலையை மட்டும் எடுத்து ஓட்டுவார்கள். இங்கேயும் நம் ஊரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விநாடிக்கு 50 தடவை அணைந்து எரியும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடைத்தெருவில் யார் நேராகப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள்? அரை மணி நேரம் சாமான் வாங்கிவிட்டு வந்தால் எனக்குப் புருவத்துக்கு மேலே வலிக்கிறது.

நேரமும் சரியில்லை. டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு, பேக்கரியில் எதையாவது வாங்கிக்கொண்டு பிள்ளைகள் இந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். விளக்கு எரிவது ஐந்து மணிக்கு. யாருக்காகப் போட்டார்களோ அவர்கள் வீட்டுக்குப் போய் டிவி முன்னால் உட்கார்ந்த பிறகு, எல்லாம் எரிகிறது. ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் அடைத்த ஷட்டர்களுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு நிற்கிறது. மின்சாரச் செலவு என்றும் சொல்ல முடியாது. 2022-இல் மின்கட்டணம் எகிறியபோது லண்டன் நடுவிலுள்ள பெரிய கடைத்தெருவான ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டிலேயே நேரத்தைக் குறைத்தார்கள். எப்படிக் குறைத்தார்கள்? மதியம் 3 மணியிலிருந்து இரவு 11 மணி வரை என்று. இருட்டும் நேரத்தை விடவில்லை. இங்கே டைமரைத் திருப்ப ஒரு ஏணியும் ஒரு ஆளும் போதும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டோடு எங்கள் தெருவை ஒப்பிடுவது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். போன சனிக்கிழமை பிள்ளைகளோடு ரீஜன்ட் ஸ்ட்ரீட் போய்விட்டு வந்ததால் மனசு கேட்கவில்லை. அங்கே தெருவுக்குக் குறுக்கே தேவதைகள் இறக்கை விரித்துத் தொங்குகின்றன. வளைவான தெரு என்பதால் ஒன்றைத் தாண்டினால்தான் அடுத்தது முழுதாகத் தெரியும். மகள் கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, ஒரு குப்பைத்தொட்டியில் முட்டிக்கொண்டாள். 1954-இல் ரீஜன்ட் ஸ்ட்ரீட்டிலும் 1959-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டிலும் இந்த வழக்கம் தொடங்கியது. ஆரம்பித்து வைத்தது கடைக்காரர்கள். கூட்டம் வந்தால் வியாபாரம் என்ற எளிய கணக்கு.

குறுக்கே கட்ட எங்கள் ஊரில் வசதி கிடையாது. இரண்டு பக்கச் சுவரிலும் போல்ட் அடித்து, அது பாரம் தாங்குமா என்று இழுத்துச் சோதித்து, கட்டிடக்காரர் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கி, மாடி பஸ் தட்டாத உயரத்தில் கட்ட வேண்டும். எங்கள் தெருவின் பாதிக் கட்டிடங்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று கீழே கடை வைத்திருப்பவருக்கே தெரியாது. அதனால் கம்பத்தில் மாட்டியதைக் குறை சொல்ல மாட்டேன். 24 கம்பத்திலும் ஒவ்வொன்றாகத் தெளித்ததற்குப் பதில், சர்ச் பக்கத்து எட்டுக் கம்பங்களில் மட்டும் மஞ்சள் வெளிச்சமாக நெருக்கிப் போட்டிருந்தால் அந்த இடமாவது நிறைந்திருக்கும். மாமாவும் அப்படித்தான் செய்வார். காசு குறைந்த கொடையென்றால் தெருவை விட்டுவிட்டு, கோயில் வாசலில் பத்தடிக்கு மட்டும் கொட்டிவிடுவார். பார்க்கிறவனுக்கு அது பெரிய கொடையாகத் தெரியும்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் முன்னால் உண்மையான ஃபிர் மரம் ஒன்று, சுற்றிலும் இரும்புத் தடுப்பு. ஏணி எட்டிய வரைக்கும் விளக்கைச் சுற்றியிருக்கிறார்கள், அதற்கு மேலே மூன்றில் ஒரு பங்கு மொட்டை இருட்டு. உச்சியில் நட்சத்திரம் மட்டும் தனியே வானத்தில் மிதக்கிறது. தெரிந்து செய்தார்களா, தெரியாமல் வந்ததா, எனக்கு அது பிடித்துவிட்டது. தவிர, மரத்தை ஏசுவது இந்த நாட்டு வழக்கம். லண்டன் ட்ராஃபல்கர் சதுக்கத்தில் 1947-இலிருந்து நார்வேக்காரர்கள் நன்றிக்கடனாக வருடா வருடம் அனுப்பி வைக்கும் மரத்தையே விடுவதில்லை. 2021-இல் அதன் கிளைகள் மெலிந்து போயிருந்ததை இணையத்தில் எப்படிக் கிண்டல் செய்தார்கள்! அந்த மரத்தில் விளக்குச் சரங்களைச் சுற்றாமல் மேலிருந்து கீழே நேராகத் தொங்கவிடுவது நார்வே வழக்கம். தூரத்திலிருந்து பார்க்க மழை இறங்குவதுபோல அழகாக இருக்கும்.

இனி அந்த ஒன்றரை மதிப்பெண். இறைச்சிக்கடைக்காரர் ஜன்னல் ஓரம் முழுக்கப் பெரிய பெரிய வண்ணக் குண்டு பல்பு கோத்திருக்கிறார். சிவப்பு, பச்சை, ஆரஞ்சு. வரிசையில் நிற்கிறவர்கள் கன்னத்தில் அந்த நிறம் படுகிறது, ஆள் உயிரோடு இருப்பதுபோலத் தெரிகிறது. துருக்கி பார்பர் கடையில் சுழலும் கம்பத்தின்மேல் ஒரு சாண்டா தொப்பி. புத்தகம், பழைய துணி விற்கும் தர்மக் கடையில் ஒரு காகித நட்சத்திரம், உள்ளே ஒற்றை பல்பு. பாளையங்கோட்டையில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு தொங்குமே, அதே ஐந்து முனை ஸ்டார். முதலில் பார்த்தபோது சாலையைக் கடந்து போய்க் கிட்டே நின்று பார்த்தேன்.

கடைசியில் யாழ்ப்பாணத்து அண்ணையின் மளிகைக் கடை. வாசலில் பலகலர் சீரியல் செட்டை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு நன்றாகப் போட்டிருக்கிறீர்களே என்றேன்.

“தீபாவளிக்குப் போட்டது தம்பி. தைப்பொங்கல் வரைக்கும் கிடக்கட்டும்.”

அதில் நடுச்சுற்று மட்டும் எரியவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, கடைக்குள் இருந்த ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். ஜாயின்ட் பக்கத்தில் வயர் நைந்திருந்தது. வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி, பிளக்கைத் திரும்பச் செருகினால் மூன்று சுற்றும் எரிந்தது. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. பையில் ஒரு பிடி கறிவேப்பிலையைக் கூடப் போட்டுக் கொடுத்தார்.