டி.சி.எல். தூளா, திரவக் குளோரினா? திருகோணமலைக் கரையோரக் கிணறுகளுக்கு எது?

உப்புவெளியில் தொடங்கி சாம்பல்தீவு, நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று வடக்கே போகப் போக, கடலுக்கும் வீதிக்கும் இடைப்பட்ட மணலில்தான் கிணறுகள். குழாய் நீர் வந்துவிட்ட வளவிலும் கிணற்றை யாரும் மூடுவதில்லை. குளிக்கவும் துவைக்கவும் அதுதான். குழாய் நின்றுபோனால் குடிக்கவும் அதுதான். மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது மலசலகூடக் குழியில் உள்ளதும் கிணற்றில் உள்ளதும் ஒரே மணலுக்குள்ளால் ஒன்றையொன்று தேடிப் போகின்றன. குளோரின் போட வேண்டுமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எந்தக் குளோரின் என்பதுதான் கேள்வி.

கைக்கு எட்டுவது இரண்டு. ஒன்று, பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) கிணறுகளுக்குப் போடும் டி.சி.எல். (Tropical Chloride of Lime) தூள்: சுண்ணாம்பில் குளோரினை ஏற்றியது, புதிதாக இருக்கும்போது 30 முதல் 35 வீதம் குளோரின் தரக்கூடியது. மற்றது பிளாஸ்டிக் கானில் (can) வரும் சோடியம் ஹைப்போகுளோரைற் திரவம், 10 முதல் 12 வீதம். தோண்டிய கிணற்றுக்கு நான் தூளின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிருமியைக் கொல்வதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. தண்ணீரில் விழுந்ததும் இரண்டும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத்தான் தருகின்றன. கிருமியை நன்றாகக் கொல்வது அந்த அமிலம்தான். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.5 அளவில் அதில் பாதி அமிலமாக இருக்கும், 8.5க்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிப்பியும் பவளமும் கலந்த மணலில் தோண்டிய கிணற்றில் பி.எச். சற்று உயர்ந்தே நிற்கும், ஆகவே எதைப் போட்டாலும், போட்ட பின் அரை மணித்தியாலம் காத்திருப்பதைக் குறைக்கக்கூடாது. மணம், கண் எரிவு, துணியில் பட்டால் வெளிறுவது எல்லாம் இரண்டுக்கும் பொது. திரவத்தை அளந்து ஊற்றுவது சுகம், தூளை நிறுக்கத் தராசு வேண்டும். சுகத்தில் திரவம்தான் மேல்.

தீர்ப்பைச் சொல்வது வேறொன்று: வாங்கிய பலம் எத்தனை நாள் நிற்கிறது?

ஹைப்போகுளோரைற் திரவம் மூடிய கானுக்குள்ளேயே தன்னைத் தானே தின்னும். ஒரு பகுதி கிருமியைக் கொல்லாத உப்பாகவும் குளோரேற்றாகவும் மாறும், சிறு பகுதி ஒட்சிசனாகப் போகும். கான் வீங்குவது அந்த வாயுவால்தான். 25 பாகையில் 10 வீதத் திரவம் பாதியாக ஏறத்தாழ ஏழு மாதம் எடுக்கும். வெப்பம் 10 பாகை ஏறினால் சிதைவு மூன்று நான்கு மடங்கு வேகமாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் நிழலிலேயே 35 பாகை வரும், ஏழு மாதம் இரண்டாகச் சுருங்கும். தகரக் கூரைக்குக் கீழே 45 பாகையில் வைத்தால் இரண்டு மூன்று கிழமைதான். கான் உங்கள் கைக்கு வருமுன் லொறியிலும் கடைப் பின்னறையிலும் எத்தனை நாள் நின்றது என்பதை லேபல் சொல்லாது. சிறிது இரும்போ செம்போ கலந்திருந்தால் இன்னும் வேகம். எல்லாவற்றையும்விடக் கெட்டது, பாதி பலம் போன திரவமும் மூடியைத் திறந்தால் அதே கார மணத்தோடுதான் இருக்கும். மூக்கை நம்பி ஊற்றினால் ஏமாற்றம்தான்.

பலம் பாதியானால் காப்பும் பாதிதானே குறையும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. போடும் குளோரினை முதலில் தண்ணீரில் உள்ள இரும்பும் அமோனியாவும் அழுகிய இலைதழையும் குடிக்கும். அவை குடித்தது போக மிஞ்சுவதுதான் வேலை செய்யும். லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் குடிக்கும் கிணற்றில் 2 போட்டால் 0.5 மிஞ்சும், அது போதும். பாதி பலமான திரவத்தில் அதே அளவை ஊற்றினால் உள்ளே போவது 1. அதை முழுவதும் தண்ணீரே குடித்துவிடும், மிச்சம் சுழியம். 30 வீதத் தூள் 25க்கு இறங்கியிருந்தால் போவது 1.67, கொஞ்சமாவது எஞ்சும். பலம் மெல்லக் குறையும் பொருள் உங்களைக் காப்பாற்றும், வேகமாகக் குறைவது கைவிட்டுவிடும்.

தூளும் கெடும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் பட்டால் அது வெறும் சுண்ணாம்புக் கல்லாகும். கடற்கரையில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் டி.சி.எல். என்ற பெயரிலேயே வெப்பநாடு இருக்கிறது. ஈரத்தை உறிஞ்சிப் பிடிக்க அதில் கூடுதலாகச் சுட்ட சுண்ணாம்பு சேர்த்திருப்பார்கள். பொலித்தீனில் இறுகக் கட்டி, மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியில், சீமெந்து நிலத்தில் நேராக வைக்காமல் பலகையின் மேல் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். கெட்டால் கண்ணுக்கும் கைக்கும் தெரியும்: களியாகும், கட்டி விழும், மணம் மங்கும். பெரிய பீப்பாவைத் திறந்து மாதம் முழுவதும் கிண்டுவதைவிட ஒரு கிலோப் பொதிகளாக வாங்குவதே புத்தி.

ஊகம் வேண்டாம் என்பவர்கள் அளந்தே பார்க்கலாம். பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ளதே போதும். தூள் 5 கிராமை உரலில் சிறிது நீர்விட்டுப் பசையாக அரைத்து 500 மில்லிலீற்றராக்குங்கள். நன்றாகக் குலுக்கி, கலங்கல் அடங்குமுன் 25 மில்லிலீற்றர் எடுங்கள். தெளியவிட்டு எடுத்தால் அடியில் தங்கியது கணக்கில் வராது. பொற்றாசியம் அயடைட் ஒரு கிராம், அசற்றிக் அமிலம் 10 மில்லிலீற்றர் விட்டதும் கரைசல் கடும் கபில நிறமாகும். 0.1 நோர்மல் சோடியம் தயோசல்பேற்றை அளவியிலிருந்து (burette) விட்டுக்கொண்டே வாருங்கள். நிறம் வைக்கோல் மஞ்சளுக்கு வந்த பிறகுதான் மாப்பொருள் கரைசல் சில துளி. முந்திப் போட்டால் நீலம் ஒட்டிக்கொண்டு முடிவுப் புள்ளி இழுபடும். நீலம் மறைந்த இடத்து அளவை 1.418ஆல் பெருக்கினால் வீதம் வரும்: 21.2 மில்லிலீற்றர் போனால் 30 வீதம். திரவத்துக்கு 10 மில்லிலீற்றரை 500 ஆக்கி, அதில் 25 எடுத்து இதையே செய்து 0.709ஆல் பெருக்க வேண்டும். அசற்றிக் அமிலம் இல்லையென்று ஐதரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிடாதீர்கள். பழைய திரவத்தில் சேர்ந்திருக்கும் குளோரேற்றும் கடும் அமிலத்தில் அயடீனை விடுவிக்கும். செத்த திரவம் உயிரோடு இருப்பதாகக் கணக்கு காட்டும்.

தூளின் மேல் சொல்லப்படும் குறை சுண்ணாம்பு. கிணற்று நீர் ஏற்கெனவே கடினம், அதில் இன்னும் சுண்ணாம்பா என்று கேட்பார்கள். 2 மில்லிகிராம் குளோரினுக்குத் தேவைப்படும் தூள் லீற்றருக்கு ஏழு மில்லிகிராமும் இல்லை. அதிலுள்ள கல்சியம் முழுவதும் கரைந்தாலும் கடினத்தன்மை ஏழு மில்லிகிராம் அளவுதான் கூடும், குடிநீருக்கான இலங்கையின் எஸ்.எல்.எஸ். 614 தரநிர்ணயம் அனுமதிப்பது 250. அந்தப் பயம் வேண்டாம். உண்மையான தொல்லை வண்டல். தூளை அப்படியே கிணற்றில் கொட்டினால் கட்டிகள் அடிக்குப் போய் மணலில் புதைந்து, மேல்நீர் காப்பில்லாமல் நிற்கும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்ச நீரில் பசையாக்கி, வாளியை நிரப்பி, அரை மணித்தியாலம் அடங்கவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றில் சுற்றிவர ஊற்றுங்கள். பிறகு வெறும் வாளியை அடிவரை இறக்கி இறக்கித் தூக்கினால் மேலும் கீழும் கலக்கும். அலுமினியப் பாத்திரம், நாக முலாம் பூசிய தகர வாளி இரண்டும் அரிக்கப்படும், அவற்றைத் தவிருங்கள்.

அளவு இப்படி வரும். விட்டம் 5 அடி, நீர் 6 அடி நிற்கும் கிணறு: 0.785 × 5 × 5 × 6, ஏறத்தாழ 118 கன அடி. கன அடிக்கு 28.3 லீற்றர் வீதம் 3,300 லீற்றர். லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்றால் 30 வீதத் தூள் 22 கிராம், அல்லது புதிய 10 வீதத் திரவம் 66 மில்லிலீற்றர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 50 மில்லிகிராம் போடுவது வழக்கம். அதற்குத் தூள் 550 கிராம், திரவம் 1.65 லீற்றர். பாதி பலமிழந்த திரவமென்றால் 3.3 லீற்றர். அதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2 என்பது எல்லாக் கிணற்றுக்கும் சரிவராது. உங்கள் கிணறு எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க, தூள் 33 கிராமை ஒரு லீற்றரில் கரைத்துத் தெளியவிட்டால் 1 வீதக் கரைசல். 10 லீற்றர் கிணற்று நீர் உள்ள நான்கு வாளிகளில் சிரிஞ்சால் 1, 2, 3, 4 மில்லிலீற்றர் விடுங்கள். ஒரு மில்லிலீற்றர் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமாகும். அரை மணித்தியாலம் கழித்து டி.பி.டி. முதலாம் இலக்க வில்லையால் பாருங்கள்; எஞ்சிய குளோரின் இருந்தால் அது நீரை இளஞ்சிவப்பாக்கும். 0.2க்கும் 0.5க்கும் இடையில் எஞ்சும் வாளியின் அளவுதான் உங்கள் அளவு. 1க்கு மேல் எஞ்சக்கூடாது என்பது தரநிர்ணயம். இளஞ்சிவப்பு வராவிட்டால் குளோரின் இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 10 மில்லிகிராமைத் தாண்டினால் குளோரின் அந்தச் சாயத்தையே வெளிறச் செய்துவிடும். சந்தேகமிருந்தால் மாதிரியைப் பத்து மடங்கு ஐதாக்கிப் பாருங்கள். மலசலகூடக் குழிக்கு அருகிலுள்ள கிணற்றில் நெடி தூக்கினால் அது அளவு கூடியதால் அல்ல, குளோரின் அமோனியாவோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனால். ஒரு பங்கு அமோனியா நைதரசனைத் தீர்க்கப் பத்துப் பங்கு குளோரின் வரை வேண்டும். அங்கே அளவைக் குறைப்பது தலைகீழான வைத்தியம், குழியை விலக்குவதே வழி.

தூளுக்கே உரிய இன்னொரு வசதி, குளோரினை மெல்லக் கசியவிடும் இரட்டைப் பானை. தூள் ஒரு கிலோவும் பருமணல் இரண்டு கிலோவும் ஈரமாகப் பிசைந்து, பக்கத்தில் ஒரு சென்ரிமீற்றர் துளையிட்ட சிறு பானையில் துளைக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, அதை அடிக்கு 4 சென்ரிமீற்றர் மேலே துளையிட்ட பெரிய பானைக்குள் வைத்து, வாயைப் பொலித்தீனால் கட்டி நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றர் கீழே தொங்கவிடுவார்கள். 4,500 லீற்றர் கிணற்றில் நாளுக்கு 400 லீற்றர் அளவில் அள்ளினால் இரண்டு மூன்று கிழமை தாங்கும். நாளாந்தம் ஒருவர் நினைவாக ஊற்றத் தேவையில்லை. திரவத்தால் இது முடியாது.

திரவம் வெல்லும் இடமும் உண்டு. விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் மின்பம்பியால் துளித்துளியாகச் செலுத்தும் அமைப்புக்குத் தூள் ஆகாது. எவ்வளவு தெளியவிட்டாலும் சுண்ணாம்பு வால்வில் படிந்து அடைக்கும். அங்கே திரவமே சரி. வாங்கிய அன்றே மழைநீராலோ வடிகட்டிய மென்னீராலோ 5 வீதமாக ஐதாக்கி, நிழலில் வைத்தால் ஆயுள் மூன்று நான்கு மடங்காகும். கிணற்று நீரால் ஐதாக்கினால் வெண்மையாகக் கலங்கும். ஆழக் குழாய்க் கிணறுகளுக்கு என் தீர்ப்பு அவ்வளவு உறுதியில்லை. நீரைக் கலக்க வழியில்லாத இடத்தில் தெளிவான திரவமே இலகுவாக இறங்கும் என்று நினைக்கிறேன்.

நிலாவெளிப் பக்கம் நீச்சல் தடாக வில்லையைக் கிணற்றில் போடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அதிலுள்ள சயனூரிக் அமிலம் நீரில் தங்கிக் குளோரினைக் கட்டிப்போடும். சிலவற்றில் செப்பும் உண்டு. வாசனை சேர்த்த சலவை வெளிற்றியும் கூடாது. தூளோ திரவமோ, கழிவறை அமிலத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கலந்தால் வருவது நச்சு வாயு. தூளில் மண்ணெண்ணெய் பட்டால் தீப்பிடிக்கலாம்.

உவர் ஏறிய கிணற்றில் எதைப் போட்டாலும் ஒரு சிக்கல். கடல்நீர் ஒரு வீதம் கலந்தாலே லீற்றருக்கு 190 மில்லிகிராம் குளோரைட்டோடு 0.6க்கு மேல் புரோமைட்டும் வந்துவிடும். குளோரைட் 250 என்ற எல்லைக்குள் இருந்தாலும், குளோரின் அந்தப் புரோமைட்டைப் புரோமீனாக்கி, இலைதழைச் சாற்றோடு சேர்த்து வேண்டாத சேர்வைகளை உண்டாக்கும். அப்படிப்பட்ட கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்தாமல் துவைக்கவும் குளிக்கவும் விடுவது நல்லது.

உவர் மேலே ஏறாமல் இருக்க, வெள்ளத்துக்குப் பின் 50 மில்லிகிராம் போட்டு ஒரு நாள் விட்ட நீரை இறைக்கும்போது மோட்டரை மணிக்கணக்கில் ஓடவிடாதீர்கள். மணலுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. ஒரேயடியாக வற்ற இறைத்தால் கீழே கிடக்கும் உவர் குமிழாக மேலே எழும், திரும்ப இறங்கக் காலம் எடுக்கும். கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறையுங்கள். எஞ்சிய குளோரின் 0.5க்கு இறங்கிய பிறகு, தயோசல்பேற் இட்ட கிருமியற்ற போத்தலில் மாதிரி எடுத்து, ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோங்கள். தயோசல்பேற் இல்லாத போத்தலில் போகும் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும், அறிக்கையோ கிணறு சுத்தம் என்று சொல்லும்.