மாணவர் பேரவைச் சேவைகள்: எது உதவும், எது இழுத்தடிக்கும்

பல்கலைக்கழக மாணவர் பேரவை என்றதும் தேர்தல் சுவரொட்டியும் கலைவிழா மேடையும்தான் பலருக்கு நினைவு வரும். அதன் உருப்படியான சேவை, கூட்டமே இல்லாத ஆலோசனைப் பிரிவுதான். மதிப்பெண் மேல்முறையீடு, வருகைக் குறைவு, ஒழுங்கு விசாரணை எதுவானாலும் கடிதம் கைக்கு வந்த அன்றே அங்கே போய்விடுங்கள்; கெடு பெரும்பாலும் நாள்கணக்கில்தான் இருக்கும். முடிவுக் கடிதம், தேர்வு விதிகள், மருத்துவச் சான்று, தேதியுள்ள மின்னஞ்சல்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். "திருத்தியவர் கடுமையானவர்" என்ற வாதம் பொதுவாக எடுபடாது. நடைமுறை மீறப்பட்டதைக் காட்டினால் உங்கள் முறையீடு நிலைக்கும்.

மாணவர் மன்றங்களுக்கான நிதியுதவி சுமார் ரகம். பணம் உண்டு, வந்துசேரத்தான் தாமதம். பொருளாளர் கையெழுத்து இல்லாவிட்டாலோ, செலவைப் பிரித்துக் காட்டாமல் மொத்தத் தொகையை மட்டும் எழுதினாலோ விண்ணப்பம் திரும்பிவிடும். முன் அனுமதியின்றிச் செலவழித்துவிட்டு ரசீது நீட்டுவதும் வீண். அரங்க முன்பதிவையும் கூடவே போட்டுவிடுங்கள். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் நிகழ்ச்சி படுத்துவிடும்.

பேரவையின் பொதுக்கூட்டம்தான் சோகம். கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) சேராமல் தீர்மானங்கள் தள்ளிப்போகின்றன. தேர்வு நெருங்கும்போது கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? நிர்வாகிகள் ஆண்டுதோறும் மாறுவதால் கோப்புகளும் தொலையும். அதனால் நீங்கள் கொடுக்கும் மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.