ராடு மெஷினா, மிக் மெஷினா: காரைக்குடிப் பட்டறையிலிருந்து

பதினோரு வருடம், கையில் பிடித்த ராடை உருக்கி ஒட்டுகிற ராடு வெல்டிங் மெஷினிலேயே கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று ஓட்டிய பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மிக் வெல்டிங் மெஷின் வாங்கினேன். இதில் ஸ்பூலில் சுற்றிய மெல்லிய கம்பி தானாக வந்து உருகும், சிலிண்டரிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு கேஸ் வெல்டைக் காற்றுப் படாமல் காக்கும். எங்கள் பட்டறைகளில் அதை சி.ஓ.டூ மெஷின் என்றுதான் சொல்வோம். அன்றிலிருந்து தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் பார்க்கும்போதெல்லாம் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். பட்டறைக்குள் செய்கிற வேலைக்கு மிக்தான் என்பது என் பதில். ஆனால் அதைப் பராமரிக்கப் பொறுமை வேண்டும்.

ராடு மெஷின் மலிவு, தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், சிலிண்டர் வேண்டாம். மிக்கில், வெல்டின் மேல் ஓடாகப் படிகிற ஸ்லாக்கைத் தட்டுகிற வேலை இல்லை, ராடு மாற்ற நிறுத்தவும் வேண்டாம். இதெல்லாம் தெரிந்த கதை. எனக்கு வித்தியாசம் உறைத்தது மெல்லிய பைப்பில்தான். 1.2 எம்.எம். ஸ்கொயர் பைப்பில் 2.5 எம்.எம். ராடு வைத்தால், கை ஒரு நொடி தயங்கினாலும் ஓட்டை விழும். அதை அடைக்க இன்னொரு ராடு, அப்புறம் கிரைண்டர். மிக்கில் 0.8 எம்.எம். கம்பியைப் போட்டு, 17, 18 வோல்ட் பக்கம் வைத்து, கம்பி வேகத்தை மெல்ல ஏற்றிப் பாருங்கள். படபடவென்று வெடிக்கிற சத்தம் ஓரிடத்தில் சீரான சரசரப்பாக மாறும். அங்கே நிறுத்திக்கொண்டால் போதும். மறுபடி தேய்க்க வேண்டியது பாதிகூட இராது.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். எதை வாங்குவது என்பதை முடிவு செய்வது இதுதான்.

வாங்கிய மூன்றாம் மாதம் கம்பி விட்டு விட்டு வர ஆரம்பித்தது. சர்வீஸுக்கு வந்தவர் போர்டு போய்விட்டது என்று பெரிய தொகை சொன்னார். மனசு ஒப்பவில்லை. கையில் பிடித்து வெல்ட் வைக்கிற டார்ச்சைக் கழற்றி, கம்பி ஓடுகிற உள்குழாயான லைனரை உருவி, வெள்ளைத் தாளின் மேல் பிடித்துக் காற்று அடித்தேன். காப்பித்தூள் கொட்டுவதுபோல் கறுப்பும் செம்புமாகப் பொடி கொட்டியது. கம்பியின் செம்புப் பூச்சு உரசி உரசி உள்ளே சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் கோளாறு. இப்போது ஒவ்வொரு ஸ்பூல் மாற்றும்போதும் லைனரை ஊதிவிடுகிறேன்.

டார்ச் முனையில் கம்பி வெளியே வருகிற டிப்பையும் கவனிக்க வேண்டும். வட்டமாக இருக்கிற அதன் துளை தேய்ந்து முட்டை வடிவம் ஆகிவிட்டால் ஆர்க், அதாவது கம்பியை உருக்குகிற மின்சுடர், தள்ளாடும். சின்ன சாமான், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். டிப்பைச் சுற்றிக் கேஸ் வருகிற நாசிலுக்குள் ஒட்டுகிற தெறிப்பைச் சுரண்டாமல் விட்டால் கேஸ் சரியாக வராது. கம்பியைத் தள்ளுகிற ரோலரை இறுக்கினால் கம்பி நன்றாக ஓடும் என்று நினைத்து நானும் இறுக்கியிருக்கிறேன். டார்ச் பக்கம் கொஞ்சம் அடைத்தாலும் ரோலர் அருகே கம்பி நூல்கண்டாகச் சிக்கிக்கொள்ளும். நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. நாலு நாள் வேலை இல்லையென்றால் ஸ்பூலைக் கழற்றி பாலிதீன் பையில் கட்டி வைப்பேன். துருப் பிடித்த கம்பி லைனரையும் சேர்த்துக் கெடுக்கும். ராடு மெஷினுக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. ராடு ஈரம் படாமல் இருந்தால் போதும்.

உள்ளே பிளக்ஸ் என்கிற பொடி அடைத்த, கேஸ் இல்லாமல் ஓடுகிற பிளக்ஸ் கம்பியும் இருக்கிறது. ஒரே ஒரு ஸ்பூல்தான் ஓட்டியிருக்கிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன். புகையும் தெறிப்பும் அதிகம், ஸ்லாக்கும் தட்ட வேண்டும். அதற்குப் பெரும்பாலும் டார்ச்சை மைனஸில் மாட்ட வேண்டும். கேஸோடு ஓடுகிற கம்பிக்கு டார்ச் பிளஸில்.

மிக் தோற்கும் இடமும் உண்டு. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு, முற்றத்துக்கு மேலே குரங்கு இறங்காமல் இரும்பு கிரில் போட வேண்டும். ஓட்டுக்கு மேலே நல்ல காற்று. கேஸ் கலைந்து, வைத்த வெல்டெல்லாம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டு ராடு மெஷினை மேலே ஏற்றினேன். "தம்பி, தேக்குத் தூணு மேல பொறி விழுந்திராம பாத்துக்கப்பா" என்று கீழிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள் அந்த வீட்டு ஆச்சி. "பாத்துக்கிறேன் ஆச்சி" என்று தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றி, பக்கத்தில் வாளித் தண்ணீரும் வைத்தேன். வேலை முடிந்தும் அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். தேக்கு இடுக்கில் பொறி தங்கினால் உடனே தெரியாது. அந்த வீடுகளில் இருக்கிற வார்ப்பிரும்புக் கைப்பிடிகளைச் சாதாரணக் கம்பியால் ஒட்டவே கூடாது, ஆறும்போது விரிசல் விடும். அதற்கு நிக்கல் ராடு வேண்டும்.

முகமூடி, கையுறை, பருத்திச் சட்டை இரண்டுக்கும் பொது. முகமூடியின் கறுப்புக் கண்ணாடி 10 அல்லது 11 எண் வேண்டும். ஜி.ஐ. பைப் என்றால் வெல்ட் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த இடத்தில் செய்யுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்பது வெறும் நம்பிக்கை. மிக்குக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது கேஸ். அடைத்த அறையில் அது தரையோடு தேங்கி மூச்சைத் திணறடிக்கும். ஓஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். சிலிண்டரை நிமிர்த்திச் சுவரோடு சங்கிலி போட வேண்டும். கரண்டுக்கும் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கை நம்பாதீர்கள். மெஷின் தகட்டில் போட்டிருக்கிற ஆம்பியருக்கு ஏற்ற தனி வயரும் நல்ல எர்த்தும் வேண்டும்.

இன்னொன்று, சிலிண்டரில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று ரெகுலேட்டர் முள்ளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே இருப்பது திரவம், அது தீரும் வரை முள் அநேகமாக அசையாது. கழுத்தில் காலி எடை பொறித்திருப்பார்கள். தராசில் ஏற்றிக் கழித்துப் பார்த்துவிட்டு, அடுத்த கேட்டுக்குக் கை வையுங்கள்.