கண்டியா, ஹட்டனா: அம்மாவுக்கு ஓர் இல்லம் தேடியபோது

போன வருசம் அம்மா இஸ்தோப்புப் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, அது தெய்வச் செயல். ஆனால் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற 43 படிகள். ஒரு மழை பெய்தால் எல்லாவற்றிலும் பாசி. பிரஷரும் சீனி வருத்தமும் உள்ள 76 வயதுக்காரரை அங்கே தனியாக விட முடியாது என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை இல்லை. எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில்தான் சண்டை.

வத்தளையில் என் வீட்டில் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் மாடி, பகலில் வீட்டில் ஒருவரும் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே இளைத்துப் போனார். அப்புறம் லயத்திலேயே ஆள் வைத்தோம். நல்ல பெண்தான், ஆனால் அவருடைய மகளுக்குப் பிரசவம் என்றதும் போய்விட்டார். 43 படிகள் அங்கேயேதான் இருந்தன. ஆக, மிஞ்சியவை இரண்டு: கண்டிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் முதியோர் இல்லம், ஹட்டன் பக்கம் ஒரு சிறிய இல்லம்.

வசதியை மட்டும் எழுதிப் பார்த்தால் கண்டிதான் ஜெயிக்கும். தனிக் காம்பரா, அதனோடு சேர்ந்த குளியலறை, குழாயைத் திறந்தால் சுடுதண்ணி, சுவரில் பிடிமானக் கம்பி, பெரியாஸ்பத்திரி கிட்டத்தில். குளிரும் குறைவு, கண்டி 500 மீற்றர் உயரம்தான், ஹட்டன் 1,200க்கு மேல். ஹட்டன் இல்லத்தில் நான்கு பேருக்கு ஒரு காம்பரா. கழிப்பறை நடையின் கோடியில். சுடுதண்ணி அடுப்பில் வைத்து வாளியில் வரும். கிளினிக்குக்கு வேன் பிடித்து டிக்கோயா போக வேண்டும். சிவனொளிபாதமலை சீசனில், அதுவும் போயா என்கிற பௌர்ணமி நாட்களில், பார்க்கப் போகும் நமக்கு பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. காசு? கண்டியில் கேட்டது கிட்டத்தட்ட இரு மடங்கு, முற்பணம் வேறு. அண்ணன் அதற்கும் தயாராக இருந்தார்.

சரி என்று முதலில் கண்டியில் பத்து நாள் விட்டுப் பார்த்தோம். நான் முடிவை மாற்றிக்கொண்டது அந்தப் பத்து நாளில்தான். காரணம் பாஷை.

முதல் ராத்திரி பராமரிப்புப் பெண் கதவைத் திறந்திருக்கிறாள். அம்மா திடுக்கிட்டு "என்ன?" என்று கேட்டிருக்கிறார். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க'. அவள் கிட்டே வந்தாள். அம்மா பயந்துபோய் "என்ன, என்ன?" என்றார். அவள் இன்னும் கிட்டே வந்தாள். மறுநாள் கேட்டுச் சிரித்தோம். நாலாம் நாள் நடந்தது சிரிக்கிற விசயம் இல்லை. நடுச்சாமத்தில் "கைகால் வெடவெடங்குது, வேர்க்குது" என்று அம்மா சொல்லியிருக்கிறார். குளிர் என்று நினைத்து அந்தப் பெண் இன்னொரு போர்வையைப் போர்த்திவிட்டாள். சீனி இறங்கியிருக்கிறது என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவின் கால் நகத்தைக்கூட அவள்தான் வெட்டிவிட்டாள்.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்றும் இல்லை. ஆனால் அது கடைச் சிங்களம். "கீயத?" என்று விலை கேட்கவும் "அடு கரன்ன" என்று பேரம் பேசவும் போதும். நெஞ்சு கரிக்குது, கிறுகிறுன்னு வருது, கால் விறுவிறுன்னு இழுக்குது: இவை மூன்றும் மூன்று வேறு வருத்தம். கண்டி இல்லத்துக் குறிப்புக் கொப்பியில் மூன்றுக்கும் 'உடம்பு சரியில்லை' என்றுதான் எழுதியிருந்தது. டொக்டர் அதை வைத்து என்ன செய்வார்? மறதி நோய் வந்தால், பின்னால் கற்ற பாஷை முன்னால் நழுவிப் பலர் தாய்மொழியிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அப்போது இந்தக் கடைச் சிங்களமும் கைகொடுக்காது.

ஹட்டனுக்கு மாற்றிய ஒரு மாதத்தில் அதே வெடவெடப்பு மறுபடி வந்தது. இரவு வேலைக்கு இருந்தவர் தோட்டத்துப் பெண். அம்மா சொல்லி முடிக்கும் முன்பே சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியோடு நின்றாராம். எனக்கு அது போதும்.

இல்லம் தேடுகிறவர்கள் "தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா?" என்று கேட்காதீர்கள். இருக்கிறார் என்பார்கள், அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிற கந்தோர் ஆளாக இருப்பார். இரவு ஒன்பதரைக்கு அழைத்து, போனை எடுப்பவரிடம் தமிழில் பேசிப் பாருங்கள். கிளினிக்குக்குக் கூடப் போவது யார் என்றும் கேளுங்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி இத்தகைய இல்லங்கள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அம்மா இன்னும் நடக்கிறார். படுக்கையில் விழுந்தவரைப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. அந்த நிலை வந்தால் தூக்கிக் குளிப்பாட்ட ஆளும் வசதியும் கண்டியில்தான் அதிகம். அன்றைக்கு நானே மனம் மாறலாம். உங்கள் அப்பா கண்டி டவுனில் கடை வைத்திருந்தவர், சரளமாகச் சிங்களம் பேசுவார் என்றால் இந்தக் கணக்கே வேறு.

அண்ணனுக்கு இன்னும் அந்த வாளித் தண்ணி பிடிக்கவில்லை. மிஞ்சும் காசில் இல்லத்துக்கு ஒரு கீசர் வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார். அந்தப் பழைய கட்டிடத்தின் வயரிங் தாங்குமா என்று பார்க்க வருகிற ஞாயிறு ஓர் எலக்ட்ரீசியனைக் கூட்டிப் போகிறோம்.