மீன் தொட்டிக்கு யூபிஎஸ் வாங்கப் போகிறீர்களா? என் 240 சிங்கப்பூர் வெள்ளி போன கதை

நேற்று முன்தினம் நடந்தது, கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புளோக்கில் லிஃப்ட் பக்கம் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: மின் பராமரிப்பு வேலை, காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது. வீட்டில் மூன்றடித் தொட்டி, ஏழு தங்கமீன். இந்த ஊர்ச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், காற்று பம்ப் நின்றால் தங்கமீன் தாங்காது. அதனால் யூபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி) வாங்கத் தேக்கா பக்கம் ஒரு சின்ன எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன்.

"தம்பி, ஃபில்டர் எத்தனை வாட்?" என்று கேட்டார் பாருங்கள் கடைக்காரர், அங்கேதான் விழுந்தேன். விவரம் தெரிந்தவர் என்று நினைத்துவிட்டேன். ஃபில்டர் 20, பம்ப் 5 என்றேன். "இது 650, உங்களுக்கு 25தானே, எட்டு மணி நேரம் தாராளமா ஓடும், என் வீட்டுத் தொட்டிக்கே இதுதான்." 240 வெள்ளி, ரொக்கம்.

9 மணிக்குக் கரண்ட் போனது. 9.35க்கு மனைவி ஃபோன்: "என்னங்க, அந்தப் பொட்டி பீப் பீப்னு கத்திட்டு அணைஞ்சிடுச்சு." பாவம், மத்தியானம் வேலைக்குக் கிளம்பும்வரை சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியிருக்கிறாள். நான் வரும்போது நாலு மீன் மிதக்கிறது, மூன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

ராத்திரி பேட்டரி மூடியைக் கழற்றினேன். 12 வோல்ட், 7 ஆம்ப்-அவர். பெருக்கினால் 84 வாட்-அவர், அதாவது பேட்டரியில் இருக்கும் மொத்த மின்சாரம். என் 25 வாட்டுக்குப் புதுசாக இருந்தாலே மூன்று மணி நேரம் தாண்டுவது கஷ்டம். 650 என்பது விஏ, ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு, எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு இல்லை. அதைவிடக் கொடுமை, மேலே இருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் அடியில் தயாரித்த வருஷம் 2019!

மறுநாள் போனால் "உங்க ஃபில்டர் கரண்ட் அதிகம் இழுக்குது" என்கிறார். ஸ்டிக்கரைக் காட்டினால் பேட்டரிக்கு வாரண்டி கிடையாதாம். அப்புறம் முதலாளி ஊரில் இல்லையாம், அன்று இவர்தான் முதலாளி! இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வருகிறது. 240 வெள்ளி!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. வாட்-அவர் எவ்வளவு என்று கேளுங்கள். வாங்கியதும் பிளக்கைப் பிடுங்கி, கடிகாரத்தைப் பார்த்துச் சோதியுங்கள், நான் செய்யவில்லை. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். கரண்ட் போகிற அன்று தீனி போடாதீர்கள். ரசீதில் மாடல் எழுதச் சொல்லுங்கள், என்னுடையதில் "யூபிஎஸ் 1" என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது.

அதை வைத்தே ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) பத்து வெள்ளி கட்டி மனு போடப்போகிறேன். இப்போது மிச்சம் மூன்றுக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும்.