விண்டோஸ் மேலே, லினக்ஸ் கீழே: பேக்கப்புக்கு ரோபோகாப்பியா, ஆர்சிங்க்கா, ரெஸ்டிக்கா?

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடை, அதில் பில் போடும் விண்டோஸ் சர்வர். மலை இறங்கினால் கம்பத்தில் அவர்களுடைய ஆபீஸ், அங்கே உபுண்டு லினக்ஸ் சர்வர். தினமும் இரவு மேலிருந்து கீழே பேக்கப் வந்து சேர வேண்டும். ஆடி மழையில் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாத இடம். இந்த வேலைக்கு மூன்று கருவிகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்.

கோப்புகளை நகலெடுக்கும் ரோபோகாப்பி விண்டோஸிலேயே இருக்கிறது. லினக்ஸ் போல்டரை விண்டோஸுக்குத் திறந்துவிடும் சாம்பா என்ற மென்பொருளில் ஒரு போல்டரை ஷேர் செய்து, விபிஎன் (இணையத்துக்குள் தனிப் பாதை) வழியாக அனுப்பினால் வேலை முடிந்தது. ஆனால் பில் கோப்பு திறந்திருந்தால் அதை எடுக்க முடியாது. எத்தனை முறை முயல வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், 30 விநாடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை முயலும். நான் அதைச் சொல்லாமல் விட்ட இரவு, காலையில் வந்து பார்த்தால் முதல் கோப்பிலேயே நின்றுகொண்டிருந்தது. இன்னொன்று, 3 ஜிபி கோப்பில் ஒரே ஒரு பில் கூடினாலும் முழுக் கோப்பும் மறுபடி மலை இறங்கும். விண்டோஸிலிருந்து எழுத முடிகிற ஷேர் என்பதால், அங்கே ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் பேக்கப்பும் சேர்ந்தே போகும்.

ஆர்சிங்க் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்டது (சாம்பாவைத் தொடங்கியவரும் ட்ரிட்ஜெல்தான்). கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். ஆனால் பலர் விண்டோஸ் ஷேரை லினக்ஸில் மவுண்ட் செய்து (அதாவது உள்ளூர் போல்டர் போல இணைத்து), அதன் மேல் ஆர்சிங்க்கை ஓட்டுகிறார்கள். அப்போது இரண்டு பக்கமும் ஒரே மெஷின் என்று எடுத்துக்கொண்டு, அது முழுக் கோப்பையும் இழுக்கும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் விண்டோஸ் பக்கமும் ஓர் ஆர்சிங்க் ஓட வேண்டும். விண்டோஸில் லினக்ஸ் கருவிகளை ஓட்டவிடும் சிக்வின் வழியாகவோ டபிள்யூஎஸ்எல் வழியாகவோ வைத்து, எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பில் இணைத்தால் மழை நாளில்கூட சீக்கிரம் முடிகிறது.

அப்புறம் வந்தது தமிழ்ப் பெயர் சிக்கல். லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் அமைத்த வட்டில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள். 'வண்டன்மேடு' என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்குக்கு 10 குறி, 30 பைட். விண்டோஸ் வட்டின் என்டிஎஃப்எஸ் முறையோ 255 குறி வரை விடும். அதனால் மேலே இடம் பிடிக்கும் நீளமான தமிழ்ப் பெயர் கீழே ஏறாது. தோட்டக்காரர் பெயர், ஊர், லாட் எண், தேதி என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் கடை அக்காவிடம் சுருக்கச் சொன்னேன். "சுருக்குனா எது யாரோடதுன்னு எனக்கே தெரியாம போயிரும் தம்பி" என்றார். அவர் சொன்னது நியாயம். கருவிக்காக அவர் பழக்கத்தை மாற்றச் சொல்வது சரியில்லை.

இரண்டு மெஷின்களின் போல்டர்களை ஒரே மாதிரி வைக்கும் சிங்க்திங் வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அது பேக்கப் வேலைக்கானது இல்லை.

இப்போது ஓடுவது ரெஸ்டிக். கோப்புகளைத் துண்டு துண்டாக்கி, பூட்டி, புதிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. கோப்புப் பெயர்களும் அந்தப் பூட்டுக்குள்ளேயே போய்விடுவதால் 255 பைட் தொல்லை இல்லை. விண்டோஸின் ஷேடோ காப்பியை (வட்டின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைக்கும் வசதி) பயன்படுத்தச் சொன்னால், திறந்திருக்கும் கோப்பையும் எடுத்துவிடும். பாதியில் கரண்ட் போனால், மறுபடி ஓட்டும்போது ஏற்கெனவே போன துண்டுகளை மீண்டும் அனுப்பாது. கம்பத்தில் ரெஸ்டிக்கின் பேக்கப்பை வாங்கிவைக்கும் ரெஸ்ட் சர்வர் என்ற மென்பொருளை, புதியதைச் சேர்க்க மட்டுமே அனுமதிக்கும்படி வைத்திருக்கிறேன், அதனால் மேலே இருக்கும் மெஷினிலிருந்து பழைய பேக்கப்பை அழிக்க முடியாது. ஒரு குறை, போல்டரைத் திறந்து நேராகக் கோப்பைப் பார்க்க முடியாது. பாஸ்வேர்ட் தொலைந்தால் எல்லாமே தொலைந்தது. அதனால் அதைத் தாளில் எழுதி, கம்பம் ஆபீஸ் பீரோவில் ஒன்று, முதலாளி வீட்டில் ஒன்று என வைத்திருக்கிறோம்.

பேக்கப் வெறும் சில நூறு கோப்புகள்தான், எதுவும் திறந்திருக்காது, பெயரெல்லாம் ஆங்கிலம் என்றால் ஆர்சிங்க் போதும். எங்களுக்குப் போதவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அந்த அக்கா ஏதாவது ஒரு பழைய பில்லின் பெயரைச் சொல்வார். கம்பத்திலிருந்து அதை மீட்டு அவருக்கு அனுப்புவேன், அவர் திறந்து தொகையைச் சரிபார்த்துச் சொல்வார்.